நேரத்தை யார் கடிகாரப்படி காட்டுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பல நாட்டுப் பயனர்கள் உள்ள எந்தச் செயலியிலும் ஒருநாள் இந்தப் புகார் வந்தே தீரும்: "மணி தப்பாகக் காட்டுகிறது." உடனே குழுவுக்குள் வாக்குவாதம். எல்லாருக்கும் யுடிசி (உலகப் பொது நேரம்) காட்டிவிடலாம் என்பார் ஒருவர். பிரவுசரே பார்த்துக்கொள்ளும், நாம் ஏன் தலையிட வேண்டும் என்பார் இன்னொருவர். செட்டிங்ஸில் ஒரு பட்டியல் வைத்தால் போதும் என்பார் மூன்றாமவர். "3 மணி நேரத்துக்கு முன்" என்று போட்டுவிட்டால் நேர மண்டலப் பேச்சே வராதே என்பார் நான்காமவர். நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நேரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

திரையில் வரும் நேரங்களில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது, நடந்து முடிந்த கணம்: செய்தி வந்தது, கோப்பு ஏறியது, பணம் போனது. அந்தக் கணம் உலகம் முழுக்க ஒன்றுதான்; அதைப் படிக்கும் கடிகாரம்தான் ஊருக்கு ஊர் வேறு. இரண்டாவது, இனி நடக்கப்போவது: திங்கள் காலை 10 மணிக்குக் கூட்டம். இது ஏதோ ஓர் ஊரின் சுவர்க் கடிகாரத்தோடு கட்டிப்போட்டது. மூன்றாவது, மணியே இல்லாத தேதி: பிறந்தநாள், விடுமுறை, காலாவதி நாள். இதை எந்த மண்டலத்துக்கும் மாற்றவே கூடாது. மூன்றுக்கும் ஒரே காட்சிமுறையைப் பூசுவதில்தான் பாதிக் கோளாறு பிறக்கிறது.

## முதலில், பிழை காட்சியிலா சேமிப்பிலா?

சேமிப்பே தவறாக இருந்தால் எந்தக் காட்சிமுறைக்கு மாறினாலும் புகார் தீராது. எவ்வளவு தள்ளிப்போகிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

பயனரின் ஆஃப்செட் (அவர் ஊர் நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள வித்தியாசம்) அளவுக்கு நேரம் பின்தங்கினால், அதாவது +5:30 மண்டலத்தில் உள்ளவருக்குச் சரியாக ஐந்தரை மணி நேரம் குறைவாகத் தெரிந்தால், யுடிசி மாற்றப்படாமல் அப்படியே வந்திருக்கிறது. அதே அளவு முன்னே ஓடினால், மாற்றம் இரண்டு முறை நடந்திருக்கிறது: உள்ளூர் நேரத்தையே யுடிசி என்று நம்பி இன்னொரு முறை கூட்டியிருப்பார்கள். சற்றுமுன் எழுதியது "5 மணி நேரத்தில்" என்று எதிர்காலத்தில் தெரிவதும் இதனால்தான். மேற்கு மண்டலப் பயனர்களுக்கு இந்த இரண்டும் தலைகீழாக வரும்.

கோடைக்கால நேரம் (கோடை மாதங்களில் கடிகாரத்தை முன்தள்ளிவைப்பது) உள்ள ஊர்களில் ஆண்டில் பாதி மாதங்கள் மட்டும் சரியாக ஒரு மணி நேரம் தப்பினால், மண்டலத்தின் பெயருக்குப் பதில் "−5" போன்ற வெறும் எண்ணைச் சேமித்திருக்கிறார்கள். இன்றைய பதிவுகள் சரி, ஆறு மாதம் முந்தையவை மட்டும் ஒரு மணி நேரம் தப்பு என்றால், இன்றைய ஆஃப்செட்டைப் பழைய தேதிகளுக்கும் கூட்டுகிறார்கள். இவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் திருத்த வேண்டிய இடம் வேறு. முன்னது பயனர் பதிவில் உள்ள பிழை, பின்னது வடிவமைக்கும் நிரலில் உள்ள பிழை.

தேதி மட்டும் ஒரு நாள் பின்னால் போகிறதா? ஜாவாஸ்கிரிப்டில் "2025-03-10" என்று மணி இல்லாத தேதியைக் கொடுத்தால், அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அது மார்ச் 9, இரவு 8 மணி. பிறந்தநாள் முந்தைய நாளாகத் தெரியும். கிழக்கு மண்டலங்களில் அது அதே தேதியின் காலையாகவே விழுவதால் அங்கே உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. அதே எழுத்தோடு மணியையும் சேர்த்து, ஆஃப்செட் இல்லாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும் என்பது இதில் கூடுதல் வேடிக்கை.

எல்லாமே 1970 ஜனவரியில் நிற்கிறதா? நொடியில் உள்ள எண்ணை மில்லிநொடி என்று படித்திருக்கிறார்கள். 170 கோடி நொடி என்பது 2023 நவம்பர் 14. அதையே மில்லிநொடியாக எடுத்தால் 1970 ஜனவரி 20. ஓரிரு நிமிடம் மட்டும் தப்பினால் அது மண்டலப் பிரச்சினையே இல்லை. ஏதோ ஒரு சர்வரின் கடிகாரம் ஒத்திசைவு இழந்திருக்கிறது. என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைக்கும் சேவை) ஓடுகிறதா என்று பாருங்கள். கேள்விக்கு முன்பே பதில் வந்ததுபோல வரிசை மாறுவது இதன் அடையாளம்.

சேமிப்பில், அதாவது டேட்டாபேஸ் மென்பொருள்களில், இரண்டு பொறிகளை மட்டும் சொல்லிவிடலாம். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் "டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்" வகை, பெயரில் மண்டலம் இருந்தாலும் மண்டலத்தைச் சேமிப்பதில்லை. உள்ளே வரும்போது யுடிசிக்கு மாற்றும், வெளியே போகும்போது இணைப்பின் மண்டலத்துக்கு மாற்றும், அவ்வளவுதான். மைஎஸ்கியூஎல்லில் "டைம்ஸ்டாம்ப்" வகை இதேபோல மாற்றும், ஆனால் 2038 ஜனவரி 19க்கு மேல் தாங்காது. "டேட்டைம்" வகை எதையும் மாற்றாது. ஒரே அட்டவணையில் ஒரு நெடுவரிசை இது, இன்னொரு நெடுவரிசை அது என்று இருந்தால் வருகிற குழப்பத்துக்கு அளவே இல்லை. அதோடு, மைஎஸ்கியூஎல்லில் மண்டல அட்டவணைகளைத் தனியாக ஏற்றாவிட்டால், ஊர்ப்பெயர் கொடுத்து மாற்றச் சொன்னால் பிழைச்செய்தி வராது. வெறும் "நல்", அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

காட்சிமுறைகளை ஐந்து கேள்விகளால் அளக்கலாம்.

1. ஒரே கணமா? இருவர் பார்த்துப் பேசும்போது, சந்தேகமில்லாமல் ஒரே கணத்தைத்தான் குறிக்கிறார்களா?
2. மனக்கணக்கு வேண்டுமா? பார்த்தவுடன் புரிகிறதா, கூட்டிக் கழிக்க வேண்டுமா?
3. கோடைக்கால நேரம் மாறும்போது? ஆண்டுக்கு இருமுறை யாராவது எதையாவது கையால் திருத்த வேண்டியிருக்கிறதா?
4. திரையை விட்டு வெளியே போனால்? மின்னஞ்சல், ஸ்கிரீன்ஷாட், அச்சுத்தாள், சிஎஸ்வி கோப்பு, கேஷ் செய்த (நகலெடுத்து வைத்த) பக்கம் ஆகியவற்றில் அர்த்தம் கெடாமல் நிற்குமா?
5. பராமரிப்பு. மண்டல விதிகளை யார் புதுப்பிக்க வேண்டும், எத்தனை இடத்தில்?

நான்காவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தகராறு வந்த பிறகு ஆதாரமாக மேசைக்கு வருவது பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்தான்.

## 1. எல்லாருக்கும் ஒரே ஊர் நேரம்

ஒரு மண்டலத்தைத் தேர்ந்து, உலகில் யார் பார்த்தாலும் அதையே காட்டுவது. பழமையான முறை என்று ஒதுக்கிவிடாதீர்கள்; சில இடங்களில் இதுதான் ஒரே சரியான முறை. விமானச் சீட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்ப்படி, சேரும் நேரம் சேரும் ஊர்ப்படி. இதைப் பயணியின் போன் "உதவியாக" அவருடைய வீட்டு நேரத்துக்கு மாற்றினால் விமானம் போயே போய்விடும். மருத்துவரைப் பார்க்கும் நேரம், தேர்வு தொடங்கும் நேரம், கடை திறக்கும் நேரம் எல்லாம் இப்படித்தான். இடத்தோடு ஒட்டியது இடத்தின் கடிகாரப்படி.

மறைந்திருக்கும் செலவு முதலில் அடையாளக் குறியில் இருக்கிறது. "ஐஎஸ்டி" என்று எழுதினால் இந்தியாவா, இஸ்ரேலா, அயர்லாந்தா? "சிஎஸ்டி" அமெரிக்காவின் மத்தியப் பகுதியா, சீனாவா, கியூபாவா? மூன்றெழுத்துச் சுருக்கங்களை நம்பவே கூடாது. "+05:30" என்று எண்ணையோ ஊர்ப்பெயரையோ எழுதுங்கள்.

அடுத்தது, அந்த ஒற்றை மண்டலம் கோடைக்கால நேரம் உள்ள ஊராக இருந்தால், மற்ற எல்லாருக்கும் ஆண்டுக்கு இருமுறை வித்தியாசம் மாறும். அதுவும் நாடுகள் ஒரே நாளில் மாறுவதில்லை. 2025இல் நியூயார்க் மார்ச் 9 அன்று மாறியது, லண்டன் மார்ச் 30 அன்றுதான் மாறியது. நடுவே இருந்த மூன்று வாரமும் இரண்டு ஊருக்கும் வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நாலு மணி நேர வித்தியாசம். அக்டோபர் 26 முதல் நவம்பர் 2 வரை மறுபடியும் அதே கதை.

மூன்றாவது, பலர் இந்த முறையைத் தெரிந்து தேர்ந்தெடுப்பதே இல்லை. சர்வர் என்ன மண்டலத்தில் இருக்கிறதோ அது வந்துவிடுகிறது. சர்வரை வேறு இடத்துக்கு மாற்றிய மறுநாள் எல்லா மணியும் நகர்ந்துவிடும். மண்டலத்தை இயங்குதளத்திடம் கேட்காமல், செயலியின் அமைப்பிலேயே பெயர் சொல்லி எழுதுங்கள்.

## 2. எல்லாருக்கும் யுடிசி

முதல் கேள்வியில் முழு மதிப்பெண். கோடைக்கால நேரம் கிடையாது, தாவல் கிடையாது, இரட்டிப்பு கிடையாது. சர்வர் பதிவுகள், கோளாறு அறிக்கைகள், விமானப் போக்குவரத்து, அமெச்சூர் வானொலி, வானியல் எல்லாம் இதில் ஓடுவதற்குக் காரணம் அதுதான். மூன்று நாட்டில் இருந்து மூன்று பொறியாளர்கள் நடுராத்திரியில் ஒரே பதிவைப் பார்க்கும்போது "02:14:07" என்றால் மூவருக்கும் ஒரே வரி.

பொதுமக்களுக்கு? வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. மணியைக்கூடக் கூட்டிக் கழித்துவிடலாம், தேதிதான் கவிழ்க்கும். ஆக்லாந்தில் இருப்பவருக்கு யுடிசியின் புதுநாள் பிறப்பது நண்பகல் 12 மணிக்கு, கோடைக்கால நேரத்தில் 1 மணிக்கு. அவர் காலையில் செய்த எல்லாமே நேற்றைய தேதியில் நிற்கும். "இன்றைய விற்பனை" என்று ஒரு கட்டம் இருந்தால் அந்தக் கணக்கே அவருக்குப் பொருளற்றது. லாஸ் ஏஞ்சலஸில் அதே எல்லை மாலை 4 அல்லது 5 மணிக்கு விழும்.

இன்னொரு சிக்கல்: யுடிசி என்றால் லண்டன் நேரம் என்று நினைப்பவர்கள் நிறைய. குளிர்காலத்தில் அது பலித்துவிடும். கோடையில் லண்டன் +1 ஆகும்போது ஒரு மணி நேரம் தப்பும்.

## 3. பயனரே மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பது

செட்டிங்ஸில் ஒரு பட்டியல், அதன்படி எல்லா இடத்திலும் காட்சி. இதன் உண்மையான பலம் திரையில் இல்லை. மின்னஞ்சல் அனுப்பும்போதும், அறிக்கையை பிடிஎஃப் ஆக்கும்போதும், "காலை 8 மணிக்கு நினைவூட்டு" என்பதை நிறைவேற்றும்போதும் பயனரின் பிரவுசர் அங்கே இல்லை. சர்வருக்கே மண்டலம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மின்னஞ்சலோ நினைவூட்டலோ உள்ள எந்தச் செயலியும் இந்த முறையை ஏதோ ஒரு வடிவில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் பட்டியலை எப்படி அமைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "+1, +2, +3" என்று ஆஃப்செட் பட்டியல் வைப்பது மிக மோசம்: முழு மணிகள் மட்டும் இருந்தால் +5:30, +5:45, −3:30 காரர்களுக்கு இடமே இல்லை; எல்லாம் இருந்தாலும் கோடைக்கால நேரம் வந்ததும் உடையும். அதைச் சரிக்கட்ட "கோடைக்கால நேரம் அமலில் உள்ளது" என்று ஒரு டிக் பெட்டி வைப்பது பழைய மென்பொருள்களின் வழக்கம். ஆண்டுக்கு இருமுறை எல்லாரும் நினைவு வைத்து அதைத் தட்ட வேண்டும். யாரும் தட்ட மாட்டார்கள்.

சேமிக்க வேண்டியது ஐயானா அமைப்பின் நேர மண்டலத் தரவுத்தளத்தில் உள்ள பெயர்: "ஐரோப்பா/லண்டன்", "அமெரிக்கா/நியூயார்க்" போன்றவை. பெயரை வைத்திருந்தால், எந்தத் தேதிக்கு எந்த விதி என்பதைத் தரவுத்தளம் சொல்லிவிடும். அதில் 400க்கும் மேற்பட்ட பெயர்கள் இருப்பதால் நீண்ட பட்டியலாகக் கொட்டாமல் ஊர்ப்பெயர் தட்டித் தேடும் பெட்டி வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "இப்போது 14:25" என்று அந்த ஊர் மணியைக் காட்டினால் பயனர் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு உடனே உறுதிசெய்துகொள்வார். பட்டியலில் "ஈடிசி" (Etc) தொகுதியை மறைத்துவிடுங்கள். அதில் "ஜிஎம்டி+5" என்று இருப்பது உண்மையில் யுடிசி−5, குறிகள் தலைகீழ்.

இங்கே ஒரு நுட்பமான பொறி, கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது. ஊர்ப்பெயர்கள் மாறும்போது தரவுத்தளம் பழையதை மாற்றுப்பெயராக வைத்துக்கொள்ளும்: கல்கத்தா–கொல்கத்தா, சைகோன்–ஹோ சி மின், கீவின் பழைய எழுத்து–புதிய எழுத்து. குரோம் பிரவுசர் இந்திய மண்டலத்தைப் பழைய "கல்கத்தா" என்ற பெயரிலேயே சொல்லும். ஃபயர்பாக்ஸ் "கொல்கத்தா" என்று சொல்லும். உங்கள் பட்டியலில் புதிய பெயர் மட்டும் இருந்து, பிரவுசர் சொன்னதைச் சரிபார்க்கும் நிரல் "இப்படி ஒன்று இல்லை" என்று முடிவெடுத்தால், பயனர் சத்தமில்லாமல் யுடிசிக்குத் தள்ளப்படுவார். ஒரே ஊரில் இருவர், ஒருவருக்குச் சரி, மற்றவருக்கு ஐந்தரை மணி நேரம் குறைவு என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒப்பிடும் முன் மாற்றுப்பெயர்களை ஒன்றாக்கிவிட வேண்டும்.

மறைந்திருக்கும் பெரிய செலவு, விதிகளைப் புதுப்பிப்பது. அரசுகள் கடிகாரத்தை மாற்ற அதிகம் யோசிப்பதில்லை. 2022இல் மெக்சிகோவின் பெரும்பகுதி கோடைக்கால நேரத்தைக் கைவிட்டது. 2023இல் எகிப்து திரும்பக் கொண்டுவந்தது. 2024 மார்ச் 1 முதல் கஜகஸ்தான் முழுவதும் +5 ஆனது. 2023 மார்ச்சில் லெபனான் கோடைக்கால நேரத்தைத் தள்ளிவைப்பதாகச் சில நாள் அவகாசத்தில் அறிவித்தது, பாதி நாடு கேட்கவில்லை, சில நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தின் புதிய பதிப்பு உங்கள் சர்வருக்கு வந்தாக வேண்டும். அதுவும் ஓரிடத்தில் அல்ல. இயங்குதளத்துக்கு ஒரு பிரதி, ஜாவா அல்லது பிஎச்பிக்கு அவற்றின் சொந்தப் பிரதி, டேட்டாபேஸுக்கு இன்னொரு பிரதி. மூன்றும் வேறு வேறு பதிப்பில் இருந்தால் ஒரே நேரம் அறிக்கையில் ஒன்று, திரையில் ஒன்று.

பயணம் போகிறவர்களுக்கும் இந்த முறை கொஞ்சம் தொல்லை. போன் புது ஊர் மணிக்கு மாறிவிடும், செயலி பழைய ஊரிலேயே நிற்கும்.

## 4. பிரவுசர் அல்லது போனின் உள்ளூர் நேரம்

சர்வர் யுடிசியில் அனுப்பும்; பயனரின் கருவி தன் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும். செய்முறை எளிது. எச்டிஎம்எல்லின் "டைம்" குறிச்சொல்லில் முழு நேரத்தை, கடைசியில் யுடிசியைக் குறிக்கும் எழுத்தோடு வைக்க வேண்டும். ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரில் உள்ள "இன்ட்ல்" என்ற தேதி–நேர வடிவமைப்பு வசதியைக் கொண்டு அதை மாற்றி எழுத வேண்டும். பயனர் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், பயணம் போனால் தானாக மாறும், விதிகளைப் புதுப்பிப்பது பிரவுசர் அல்லது இயங்குதளத்தின் பொறுப்பு. எல்லாருக்கும் ஒரே எச்டிஎம்எல் போவதால் கேஷுக்கும் பிரச்சினை இல்லை.

சேதாரம் எங்கே? பக்கம் திறந்ததும் ஒரு கணம் யுடிசி தெரிந்து பிறகு உள்ளூர் நேரத்துக்குக் குதிக்கும். ரியாக்ட் போன்ற வலைப்பக்க நிரல் நூலகங்களில் சர்வரில் வரைந்ததும் பிரவுசரில் வரைந்ததும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை வரும். மணி வரும் இடத்தை முதலில் தேதியோடு மட்டும் நிரப்பிவிட்டு, ஸ்கிரிப்ட் ஓடிய பின் மணியைச் சேர்ப்பது ஒரு சமரசம்; நள்ளிரவை ஒட்டிய சில பதிவுகளுக்குத் தேதி குதிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆஃப்செட்டை நீங்களே வாங்கிக் கூட்டாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டிடம் ஆஃப்செட் கேட்டால் +5:30 மண்டலத்துக்கு −330 என்று தரும்; குறி தலைகீழ், அளவு நிமிடத்தில். அதைச் சரியாகக் கையாண்டாலும், இன்றைய ஆஃப்செட் பழைய தேதிக்குப் பொருந்தாது. சிங்கப்பூர் 1981 முடிவு வரை +7:30, 1982 முதல் +8. இலங்கை 1996இல் இருமுறை மாறி, 2006 ஏப்ரலில் மறுபடி +5:30க்குத் திரும்பியது. சமோவாவில் 2011 டிசம்பர் 30 என்ற நாளே கிடையாது. இதையெல்லாம் மண்டலப் பெயர் தெரிந்த நிரல் நூலகம்தான் கணக்கிட வேண்டும்.

ஐபி முகவரியை வைத்து மண்டலத்தை ஊகிப்பதும் தவறு. விபிஎன் போட்டவர் வேறு கண்டத்தில் இருப்பதாகத் தெரிவார். அவருடைய பிரவுசரின் மண்டலம் மட்டும் சரியாகவே இருக்கும். டார் பிரவுசரோ தனியுரிமைக்காக யுடிசி என்றே சொல்லும், அதில் குறை காண முடியாது.

அடிக்கடி வரும் விசித்திரமான புகார் ஒன்று: கணினியின் மூலையில் மணி சரியாகத் தெரிகிறது, உங்கள் செயலியில் மட்டும் தப்பு. பயனர் மண்டலத்தைத் திருத்தாமல் மணியைக் கையால் திருத்தியிருப்பார். மண்டலம் இன்னும் கலிபோர்னியா, மணி மட்டும் ஊர் மணி. அந்தக் கருவி நம்பும் யுடிசியே தவறாகிவிட்டது. சர்வர் நேரத்தையும் கருவி நேரத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் சில நிமிடங்களைத் தாண்டினால் "உங்கள் கருவியின் தேதி–நேர அமைப்பைத் தானியங்கியில் வையுங்கள்" என்று ஒரு வரி காட்டினால் பாதி உதவிக் கோரிக்கைகள் அங்கேயே முடியும்.

கடைசியாக, ஒரே பதிவு எனக்கு 10:15, உங்களுக்கு 14:15. "அந்தப் பத்தேகால் செய்தி" என்று பேச்சு வந்தால் இருவரும் வேறு வேறு செய்தியைத் தேடுவார்கள். மணியோடு ஆஃப்செட்டையும் எங்காவது காட்டுவது, குறைந்தபட்சம் தொட்டால் தெரியும்படி வைப்பது, இந்த முறைக்குக் கட்டாயம்.

## 5. "3 மணி நேரத்துக்கு முன்"

புதிய பதிவுகளுக்கு இதைவிட இதமான காட்சி இல்லை. மண்டலம் தேவையில்லை, மனக்கணக்கு இல்லை. ஆனால் வயது கூடக்கூட மதிப்பு குறையும்: "8 மாதங்களுக்கு முன்" என்பதை வைத்து ஒரு ரசீதையும் தேட முடியாது.

பக்கத்தைத் திறந்துவைத்துச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்போதும் "1 நிமிடத்துக்கு முன்" என்றே இருக்கும், புதுப்பிக்கும் டைமர் இல்லாவிட்டால். சர்வரில் எழுதிக் கேஷ் செய்தால் இன்னும் மோசம். பழைய எழுத்து எல்லாருக்கும் போகும். ஸ்கிரீன்ஷாட்டில் இதற்கு அர்த்தமே இல்லை. கீழ்நோக்கி முழுமையாக்கினால் "1 நாள் முன்" என்பது 24 மணி நேரமாகவும் இருக்கலாம், 47 மணி நேரமாகவும் இருக்கலாம்.

மண்டலமே வேண்டாம் என்பதும் முழு உண்மை அல்ல. "நேற்று" என்ற சொல் வந்ததும் யாருடைய நள்ளிரவு என்ற கேள்வி வந்துவிடும். இரவு 11:50க்கு எழுதியதை 12:10க்குப் படிப்பவருக்கு அது நேற்றா, 20 நிமிடத்துக்கு முன்பா? ஒரு நாளுக்குள் இருப்பதை மணியிலும், அதைத் தாண்டியதை முழுத் தேதியிலும் காட்டி, "நேற்று" என்பதைத் தவிர்ப்பது பாதுகாப்பு. கருவியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால் "2 நிமிடத்தில்" என்று எதிர்காலம் வரும். கழித்த விடை எதிர்மறையானால் "இப்போது" என்று நிறுத்திவிடுங்கள்.

தமிழ் இடைமுகம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: எண், அலகு, "முன்" என்று மூன்று துண்டாக மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். "1 நிமிடங்கள் முன்", "2 நாள்கள்க்கு முன்" என்றெல்லாம் வருவது இதனால்தான். முழு வாக்கியமாக மொழிபெயர்க்கலாம், அல்லது பிரவுசரில் உள்ள ஒப்பீட்டு நேர வடிவமைப்பைத் தமிழுக்கு அமைத்துப் பயன்படுத்தலாம்.

## ஒரே பார்வையில்

| | ஒரே ஊர் நேரம் | யுடிசி | பயனர் தேர்வு | கருவியின் நேரம் | "...முன்" |
|---|---|---|---|---|---|
| ஒரே கணமா | குறி இருந்தால் | ஆம் | குறி இருந்தால் | குறி இருந்தால் | தோராயம் |
| மனக்கணக்கு | வெளியூரார்க்கு உண்டு | எல்லார்க்கும் உண்டு | இல்லை | இல்லை | இல்லை |
| கோடைக்கால நேரம் | ஊரைப் பொறுத்தது | பாதிப்பில்லை | பெயர் சேமித்தால் சரி | சரி | பாதிப்பில்லை |
| மின்னஞ்சல், அச்சு | நிற்கும் | நிற்கும் | நிற்கும் | இயலாது | கெடும் |
| கேஷ் | சிக்கலில்லை | சிக்கலில்லை | ஆளுக்கு ஆள் வேறு | சிக்கலில்லை | சர்வரில் எழுதினால் கெடும் |
| விதி புதுப்பிப்பு | உங்கள் பொறுப்பு | தேவையில்லை | உங்கள் பொறுப்பு | கருவியின் பொறுப்பு | தேவையில்லை |

## இனி நடக்கப்போவதற்கு வேறு விதி

நடந்ததை யுடிசியில் சேமிப்பது சரி. நடக்கப்போவதையும் அப்படியே சேமித்தால், நடுவில் அந்த நாடு விதியை மாற்றும்போது கூட்டம் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். எல்லாரும் 10 மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள், செயலி 11 என்று சொல்லும். எதிர்கால நிகழ்வுக்குச் சேமிக்க வேண்டியவை சுவர்க் கடிகார நேரமும் மண்டலப் பெயரும். யுடிசியை அவற்றிலிருந்து கணக்கிட்டு, மண்டலத் தரவு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும்.

காட்சியில் இரண்டையும் போடுங்கள்: "10:00 (லண்டன்), உங்களுக்கு 15:45". வாரந்தோறும் நடக்கும் கூட்டமென்றால் எந்த ஊர் கடிகாரம் அச்சாணி என்பதை உருவாக்குபவரிடம் கேட்டே ஆக வேண்டும். கோடைக்கால நேரம் மாறும் வாரத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் மணி நகரும்.

இல்லாத நேரமும் இரட்டை நேரமும் உண்டு. நியூயார்க்கில் 2025 மார்ச் 9 அதிகாலை 2:30 என்று ஒன்று இல்லை. கடிகாரம் 2இலிருந்து 3க்குத் தாவியது. நவம்பர் 2 அன்று 1:30 இரண்டு முறை வந்தது. இப்படிப்பட்ட நேரத்தைப் பயனர் உள்ளிட்டால் நூலகம் ஏதோ ஒன்றைத் தானாகத் தேர்ந்துகொள்ளும். தினசரி வேலைகளை அதிகாலை 1 முதல் 3 மணிக்குள் உள்ளூர் நேரப்படி வைக்காமல் இருந்தால், ஒருநாள் ஓடாமல் போவதும் ஒருநாள் இருமுறை ஓடுவதும் பெரும்பாலும் நடக்காது.

## எங்கே எதை எடுப்பது

உரையாடல், செய்தி, கருத்து போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு: முதல் 24 மணி நேரம் "...முன்", அதன்பின் கருவியின் உள்ளூர் நேரம், இரண்டிலும் தொட்டால் ஆஃப்செட்டோடு முழு நேரம். கணக்கில் ஒரு மண்டலப் பெயரைச் சேமித்து, முதல் முறை நுழையும்போது பிரவுசர் சொல்வதை வைத்து நிரப்பி, மின்னஞ்சலுக்கு அதைப் பயன்படுத்துங்கள். பிரவுசரின் மண்டலமும் சேமித்ததும் வேறுபட்டால் தானாக மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். விடுமுறைக்குப் போனவர் தன் காலை நினைவூட்டல்கள் இடம் மாறுவதை விரும்பாமல் இருக்கலாம்.

பணம், சட்டம், தணிக்கை சார்ந்தவற்றுக்கு "...முன்" எந்த இடத்திலும் வேண்டாம். ஆஃப்செட்டோடு முழு நேரம், நொடி வரை. சிஎஸ்வியில் ஏற்றுமதி செய்யும்போதும் ஆஃப்செட்டை எழுதுங்கள், அல்லது நெடுவரிசையின் தலைப்பிலேயே மண்டலத்தைக் குறிப்பிடுங்கள். எக்செல் கட்டத்துக்கு மண்டலம் என்ற ஒன்றே தெரியாது.

நிர்வாகிகளும் பொறியாளர்களும் பார்க்கும் பக்கங்களுக்கு யுடிசி, ஒரு சொடுக்கில் உள்ளூர் நேரத்துக்கு மாறும் வசதியோடு. எல்லாரும் ஒரே மண்டலத்தில் உள்ள சிறு குழுவுக்கோ இடம் சார்ந்த சேவைக்கோ ஒரே ஊர் நேரம் போதும். மற்றதெல்லாம் வீண் வேலை.

எதைத் தேர்ந்தாலும் வெளியிடும் முன் கருவியின் மண்டலத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிடுங்கள். கால் மணிக் கணக்குக்குக் காத்மாண்டு (+5:45), எதிர்மறை அரை மணிக்குக் கனடாவின் செயின்ட் ஜான்ஸ் (−3:30), கோடைக்கால நேரத்தில் அரை மணி மட்டுமே நகரும் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவு. பிறகு கிரிபாட்டியின் கிரிடிமாட்டி (+14), அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ (−11): இரண்டுக்கும் 25 மணி நேர இடைவெளி. 2ஆம் தேதி யுடிசி 10:30க்கு ஒரு பதிவை உருவாக்குங்கள். கிரிடிமாட்டியில் 3ஆம் தேதி நள்ளிரவு 12:30, பாகோ பாகோவில் 1ஆம் தேதி இரவு 11:30, லண்டனில் 2ஆம் தேதி என்று மூன்று தேதிகள் தெரிய வேண்டும். அதே பதிவில் உள்ள பிறந்தநாள் மட்டும் மூன்று ஊரிலும் ஒரே தேதியாக நிற்க வேண்டும்.